ஆறு களம், இரண்டு கண்

ஜனவரி 23, வெள்ளி

சிமெண்ட் கம்பெனிக்காரர் ஆபீசுக்கு வந்து கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வீடு கட்டுவதற்கு ஓர் ஆலோசனை அச்சிட்டிருக்கிறார்கள். வீடு கட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. காகிதம் வழவழப்பாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஞானதுரை சாரின் கம்பெனியில் எனக்கு இது நான்காவது வருடம். பள்ளி, கல்லூரி விழாக்களுக்குப் பெரிய திரை வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டிக்குப் புள்ளி எண்ணும் சென்சார். சிவப்புக் கூடை ஒன்று, நீலக் கூடை ஒன்று. பிள்ளைகள் செய்த ரோபோ பந்தைத் தூக்கிக் கூடையில் போட வேண்டும். கூடையின் வாயில் இருக்கும் சென்சார் ஒவ்வொரு பந்தையும் எண்ணித் திரையில் காட்டும். விழுந்த பந்து அடியில் உள்ள குழாய் வழியாக மறுபடி களத்துக்கே உருண்டு வந்துவிடும். ஆகவே ஆட்டம் முடிந்தபின் கூடையைக் கவிழ்த்து எண்ணிப் பார்க்க வழியில்லை. சென்சார் சொன்னதுதான் கணக்கு.

ஆபீசில் இருபது பந்து போட்டோம். இருபது காட்டியது. சார் கைகூப்பினார். எனக்கு டெக்னிக்கல் இன்சார்ஜ் என்று பதவி கொடுத்திருக்கிறார்.

நாளை தென்காசி. நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஜனவரி 24, சனி

காலையில் எல்லாம் நன்றாக நடந்தது. மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து நேராக நீலக் கூடையில் விழுந்தது. அதன்பின் நீலக் கட்சிக்குப் பந்தே தேவைப்படவில்லை. புள்ளி தானாக ஏறியது. ஒரு பள்ளியின் ரோபோ ஆட்டம் தொடங்கியதும் மல்லாந்து விழுந்து, கடைசிவரை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கிடந்தது. அதற்கு நாற்பத்தேழு புள்ளி. அன்றைய அதிகபட்சம் அதுதான். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வெட்கமே இல்லாமல் ஆடினார்கள்.

போட்டி ஒருங்கிணைப்பாளர் தயாபரன் என்பவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராம், தென் மண்டலப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பாம். என்னைத் திட்டவில்லை. வரவேற்பு பேனரை அவிழ்த்து ஜன்னலை மூடினார். ஸ்டூல் இல்லாமலே அவருக்குக் கை எட்டியது. இதைக் குறித்து வைப்பது, அடுத்த முறை ஜன்னல் உயரத்தைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே.

பாதி ஆட்டங்களை மறுபடி நடத்தினோம்.

ஜனவரி 25, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். வேறொன்றுமில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

சென்சார் விற்றவனுக்கு சார் போன் போட்டார். வெயிலைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை என்று அவன் சொல்லிவிட்டான். கறுப்புச் சார்ட் பேப்பரில் குல்லா மாதிரி செய்து கூடை வாயில் ஒட்டினேன். வெயில் தொல்லை போயிற்று. ஆனால் இப்போது இரண்டு பந்து சேர்ந்தாற்போல விழுந்தால் ஒன்று என்கிறது. சில சமயம் ஒரே பந்தை இரண்டு என்கிறது. இருபது பந்தை மூன்று முறை போட்டேன். பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று.

சாரிடம் காட்டினேன். கால்குலேட்டரை எடுத்தார்.

“சராசரி போட்டா இருபதுக்கு வந்துருதுல்லா. பெறகென்ன?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தென் மாவட்டத்திலேயே இதைச் செய்கிற முதல் கம்பெனி நாங்கள்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஜனவரி 31, சனி

நாகர்கோவில். முதல் ஆட்டத்திலேயே சென்சார் தன் குணத்தைக் காட்டியது. கண்முன்னால் ஐந்து பந்து விழுகிறது, திரையில் மூன்று. நடுவர் சொன்னால் புள்ளியைத் திருத்துவதற்கென்று லேப்டாப்பில் இரண்டு விசைகள் உண்டு. ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. நான் சத்தமில்லாமல் சென்சாரை அணைத்தேன். இடது கை சிவப்பு, வலது கை நீலம். பந்து விழ விழ விசையைத் தட்டினேன். திரையில் புள்ளி அழகாக ஏறியது.

இருபத்தாறு ஆட்டம். ஒரு புகார் இல்லை. மூன்று தலைமையாசிரியர்கள் வந்து சென்சாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். தயாபரன் சார், இன்று உங்கள் மிஷின் பிரமாதம் என்றார். கேலிபரேஷன் செய்தேன் என்று சொன்னேன். முகம் சூடாக இருந்தது. நாகர்கோவிலிலும் வெயில் அதிகம்தான்.

திரும்பி வரும்போது வேன் ஓட்டும் மாடசாமி அண்ணன் வள்ளியூரில் டீ குடிக்க நிறுத்தினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தங்கச்சி, நீதான் அந்த மிஷினா?”

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். யாரிடம் சொன்னால் நம்புவார்கள் என்றார்.

பிப்ரவரி 2, திங்கள்

சார் ஆபீசில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். மாநில இறுதிப் போட்டி எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பிப்ரவரி 21, திருச்சி. ஒரே நேரத்தில் ஆறு களங்களில் ஆட்டம் நடக்கும். இதே சென்சார் இன்னும் பத்துக்குச் சொல்லிவிட்டார்.

ஆறு களம். பன்னிரண்டு கூடை. எனக்கு இரண்டு கண்.

அல்வாவை முழுதும் சாப்பிட முடியவில்லை. அம்மாவுக்குக் கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 7, சனி

விருதுநகர். தென் மண்டல இறுதி. இதில் ஜெயிக்கும் அணி மட்டும் திருச்சிக்குப் போகும்.

கடைசி ஆட்டத்தில் சிவப்பு, ஒரு பெரிய தனியார் பள்ளி. நீலம், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகள் நான்கு பேர். அவர்களின் ரோபோவுக்கு உடம்பு பழைய ஸ்டூலின் கால்கள். ஆனால் வேகம். அணித்தலைவி ரூபிகா என்கிற பதினொன்றாம் வகுப்புப் பெண், ரோபோவை ரிமோட்டில் ஓட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

முடிவு: சிவப்பு முப்பத்தொன்று, நீலம் முப்பது.

ரூபிகா நேராக என் மேசைக்கு வந்தாள். தங்களுக்கு முப்பத்திரண்டு என்றாள். நடுவர்கள் விதியை எடுத்துக் காட்டினார்கள். சென்சார் எண்ணிக்கையே இறுதியானது. தயாபரன் சார் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்தப் பெண் அழவில்லை. சண்டையும் போடவில்லை. தரையில் உட்கார்ந்து ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். வெகு நேரம் சுருட்டினாள்.

ஆட்டத்தின் நடுவில் தயாபரன் சார் எனக்குக் காப்பி கொண்டு வந்து வைத்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கவனித்திருக்கிறார். நான் ஒரு கணம்கூடக் கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாவு அரைத்தேன். பொங்கி வழிந்துவிட்டது. மேடையைத் துடைத்தேன்.

ஒருவர் காப்பி கொடுத்தால் நன்றி சொல்வது மரியாதை. அதற்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

சென்சார் பெட்டியில் ஒட்டியிருந்த என் போன் எண்ணைப் பார்த்து ரூபிகா வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வீடியோ. அவள் தோழி கேலரியிலிருந்து எடுத்தது. முழு ஆட்டமும் இருக்கிறது. பந்து விழ விழ அந்தத் தோழி எண்ணும் குரல் கேட்கிறது. முப்பத்திரண்டில் நிற்கிறது.

புகார் சொல்வதற்காக அனுப்பவில்லை. செய்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்:

“அக்கா, ரெண்டு பந்து சேந்து விழுந்தா சென்சார் ஒண்ணுன்னு எண்ணும்னு எங்க டீச்சர் சொன்னாங்க. ஆனா எங்களோட 25, 26 தனித்தனியாத்தான் விழுது. அதை ஏன் எண்ணலைன்னு தெரியல. தெரிஞ்சா அடுத்த வருஷம் சென்சாருக்குத் தக்கன ரோபோவை மாத்திருவோம்.”

வீடியோவைப் பதினொரு முறை பார்த்தேன். இருபத்து நான்கு விழும்போது திரையில் இருபத்து நான்கு. அதன்பின் இரண்டு பந்து விழுகிறது, திரை அசையவில்லை. வீடியோவின் மூலையில் எங்கள் மேசையும் தெரிகிறது. அதைப் பெரிதாக்கிப் பார்க்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பேப்பர் கப்பைக் கையில் பிடித்தபடி இடது பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு விநாடி. இவ்வளவு பல் தெரியச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரி 11, புதன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாகர்கோவிலில் தொடங்கியதிலிருந்து. வீடியோவையும் காட்டினேன், மூலையைத் தவிர.

சார் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

“அப்ப நீ கையாலதான் போட்டியா, அத்தனையும்? ஒருத்தரும் கண்டுபிடிக்கல. ஏம்மா செண்பகம், அப்ப திருச்சிக்கு நமக்கு ஆறு பிள்ளைய இருந்தா போதுமே.”

கையெழுத்துத் திருந்திய ஆறு பெண்களைப் பிடித்து ஆறு லேப்டாப்பின் முன்னால் உட்கார வைத்துவிடலாமாம். கேட்டால் டெக்னிக்கல் ஸ்டாஃப் என்று சொல்லலாமாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ ஷர்ட் அடித்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்களாம். தட்டுவதற்குக் கையெழுத்து எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தோற்றுப்போன விளாத்திகுளம் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று மட்டும் கேட்டேன். போட்டி என்றால் ஒருவர் தோற்கத்தானே செய்வார் என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்கவில்லை போல. எழுந்து போய்ப் பிரிண்டரில் காகிதம் அடுக்கினார்.

பிப்ரவரி 12, வியாழன்

ரூபிகாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில் காற்றில் ஈரப்பதம் என்று எழுதினேன். அழித்தேன். மின்சாரம் ஏறி இறங்கியது என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பார்த்துச் சொல்கிறேன்மா என்று அனுப்பினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பதிலுக்கு அவள் ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள். ரோபோவின் கைக்கு முன்னால் ஒரு தகடு. ஒவ்வொரு பந்தையும் ஒரு விநாடி நிறுத்தி, பிறகு விடும். அப்போது சென்சாருக்கு எண்ண நேரம் கிடைக்குமாம். தகட்டைப் பழைய எண்ணெய் டின்னில் வெட்டி மாட்டியும் ஆகிவிட்டது. நான்கு நாளாகப் பள்ளி விட்டபின் நால்வரும் அதில்தான் இருக்கிறார்கள். வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது, பரவாயில்லை அக்கா, சென்சார் முக்கியம் என்று எழுதியிருக்கிறாள்.

அந்த ரோபோவில் இருந்த ஒரே நல்ல விஷயம் அதன் வேகம்.

பிப்ரவரி 14, சனி

காலை ஏழு மணி பஸ். கோவில்பட்டியில் மாறி, எட்டயபுரத்தில் மாறி, பள்ளிக்குப் போய்ச் சேரப் பதினொன்று. அம்மாவிடம் சர்வீஸ் வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவிதத்தில் சர்வீஸ்தான்.

நான்கு பிள்ளைகளும் ஆய்வகத்தில் இருந்தார்கள். அவர்களின் கணக்கு டீச்சர் சாந்தகுமாரியும் இருந்தார். சென்சார் அக்காவே வந்துவிட்டார்கள் என்று ஒருத்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தால் பேச வராது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

“சென்சார் தப்புப் பண்ணல. சென்சாரை அன்னைக்கு நான் அணைச்சு வச்சிருந்தேன். நான்தான் எண்ணினேன். உங்க ரெண்டு பந்தை விட்டுட்டேன்.”

ஒருத்தி கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள். டீச்சர்தான் முதலில் பேசினார். ஐந்து நாளாக இந்தப் பிள்ளைகள் டின்னை வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்டேன்.

ரூபிகா கேட்டாள்: “அப்ப எங்க ரோபோ சரியாத்தான் இருக்காக்கா?”

சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் குனிந்து அந்தத் தகட்டைக் கழற்றத் தொடங்கினாள். கழற்றியபடியே, அப்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டாள்.

காப்பி என்றேன். முழுப் பொய் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

தயாபரன் சாருக்குப் போன் செய்தேன். அவர் எண் என்னிடம் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு டெக்னிக்கல் காரணத்துக்காக வாங்கி வைத்தது.

நடந்ததைச் சொன்னேன். ஏன் திரும்பினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. எத்தனையாவது பந்து என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, “அந்த நேரத்துல உங்களைப் பேச்சுல இழுத்தது நான்தானே” என்றார். அதையும் சேர்த்துக் கமிட்டிக்கு எழுதப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நடந்ததைத்தானே எழுதப் போகிறேன் என்றார்.

வீட்டில் துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறேன், அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

கமிட்டியிலிருந்து சாருக்கு மெயில் வந்தது. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். புதன்கிழமை கேட்டேன் சார் என்றேன். ஆமாம், கேட்டாய், நான்தான் காதில் வாங்கவில்லை என்றார். வேலையை விட்டு நிற்க வேண்டுமா என்று கேட்டேன். திருச்சிக்கு யார் வருவார்கள் என்று எரிந்து விழுந்தார்.

கமிட்டியின் முடிவு இது. ஜெயித்த பள்ளி ஒரு தப்பும் செய்யவில்லை, அதனால் அவர்கள் போகலாம். விளாத்திகுளம் அணியும் போகலாம். திருச்சியில் சென்சார் கிடையாது. கூடைக்கு ஓர் ஆள் நின்று எண்ண வேண்டும். பக்கத்தில் அணியிலிருந்து ஒரு பிள்ளையும் நின்று தனியாக எண்ணும். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஆட்டம் மறுபடி.

பன்னிரண்டு ஆட்களை நாங்கள்தான் கொண்டுவர வேண்டும். வந்திறங்கிய பத்துச் சென்சார்களும் பெட்டி பிரிக்காமல் வாசலில் அடுக்கியிருக்கின்றன. டீ ஷர்ட் அச்சாகி வந்துவிட்டது. முதுகில் ‘துல்லியத்தின் மறுபெயர்’ என்று இருக்கிறது. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

பிப்ரவரி 19, வியாழன்

பயிற்சி. மாடசாமி அண்ணன் இருபது பந்தை இருபது என்றே எண்ணினார், மூன்று முறையும். சார் பத்தொன்பது என்றார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

பிப்ரவரி 21, சனி

திருச்சி. பன்னிரண்டு பேரும் மஞ்சள் டீ ஷர்ட்டில் வரிசையாக இறங்கியபோது ஏதோ அணி வந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆள் குறைந்ததால் சாரும் போட்டுக்கொண்டார். வயிற்றில் கொஞ்சம் இறுக்கம்.

ரூபிகாவின் ஆட்டத்துக்கு என்னை விடக்கூடாது என்று நானே சொல்லியிருந்தேன். எனக்கு ஒன்றாம் களம். அவர்களுக்கு நான்காம் களம். அங்கே நீலக் கூடையில் எண்ணியது எங்கள் ஞானதுரை சார். பந்துக்குப் பந்து உதடு அசைய எண்ணினாராம். வியர்வையைக்கூடத் துடைக்கவில்லையாம், அண்ணன் சொன்னார்.

என் களத்தில் மூன்றாவது ஆட்டம் நடக்கும்போது யாரோ எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். உயரத்தை வைத்து யார் என்று தெரிந்தது. விசில் அடிக்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் திரும்பவில்லை. இந்த முறை எழுதுவது உண்மை. ஆட்டம் முடிந்து, கணக்கு ஒத்துப்போய், தாளில் கையெழுத்தும் போட்டபிறகுதான் கேட்டார்: “சாப்பிட்டீங்களா?” இல்லை என்றேன். சாம்பார் சாதப் பொட்டலம் இரண்டு வாங்கி வைத்திருந்தார். என்ன பேசினோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அது டெக்னிக்கல் விஷயம் அல்ல.

கால் இறுதி மூன்று மணிக்கு. எனக்கு அப்போது ஆட்டம் இல்லாததால் நான்காம் களத்துப் பக்கம் போய் நின்றேன். ரூபிகாவின் ரோபோ தகடு இல்லாமல் பழைய வேகத்தில் ஓடியது. நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. ஒரு பந்தில் தோற்றார்கள்.

சார் தன் தாளை நீட்டினார். ரூபிகா அதை வாங்கித் தன் தோழி போட்ட கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐந்தைந்தாக விரலை வைத்துக் கடைசிவரை சரிபார்த்தாள். இரண்டிலும் முப்பத்து மூன்று. அங்கேயே கையெழுத்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து நேராக வந்தாள். ஆறுதல் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

“கணக்கு சரியா இருக்குக்கா. இருபத்தொம்பதுக்கு அப்புறம் ஒண்ணு விளிம்புல பட்டு வெளிய போச்சு பாத்தீங்களா, அதான். கையை ரெண்டு சென்டிமீட்டர் ஏத்தி வச்சிருந்தா விழுந்திருக்கும்.”

பார்த்தேன் என்றேன். அவள் அதற்குள் தரையில் உட்கார்ந்து ரோபோவைத் திருப்பிப் போட்டிருந்தாள். ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.